பனியூர்தியின் பின் சக்கரம்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சென்ற பருவத்தில் நம் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் 'பனிமேல் ஓடும் ஊர்திகள்' என்னும் தலைப்பில் இருபது நிமிடம் பேசினேன். பனிக்கட்டியைச் சர்பத் கடையில் மட்டுமே கண்டிருக்கும் நான் அத்தலைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நூலகத்தில் கிடைத்த ஒரு படந்தான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், நடுவில் எஞ்சின், அதற்குப் பின்னால் ஆசனத்துக்கு அடியில் அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று, அந்தப் பட்டையின் கடைசியில் அதைத் திருப்பி அனுப்பும் சில சக்கரங்கள். வட அமெரிக்காவில் வேகப் பந்தயம் விடுகிறவர்கள் இந்தப் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அவற்றைவிடப் பெரிய சக்கரங்களைப் பூட்டுகிறார்கள் என்றும், அதனால் வேகம் கூடுகிறது என்றும் படித்திருந்தேன். காரணம் அங்கே எழுதப்படவில்லை. காரணமா தெரியாது? விளிம்பின் வேகம் என்பது ஆரமும் கோணத் திசைவேகமும் பெருக்கிய தொகை. ஆரம் பெருகினால் வேகம் பெருகும். கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, கைதட்டலுக்காக நின்றேன்.

பின் வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் விரிவுரையாளர் ஒருவர் எழுந்து, "தம்பி, அந்தப் பின் சக்கரத்தைச் சுழற்றுவது யார்?" என்று கேட்டார்.

"எஞ்சின், ஐயா."

"எஞ்சினிலிருந்து அதற்குச் சங்கிலி எங்கே போகிறது? படத்தில் காட்டு பார்ப்போம்."

படத்தைப் பார்த்தேன். சங்கிலி இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இல்லை. முன் வரிசை நண்பர்கள் சிரித்தார்கள். "சரி, உட்கார். யோசித்துப் பார்த்துவிட்டு ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்றார் அவர். எழுதிக் கொடுக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பந்தயக்காரர்கள் சொன்ன செய்தி சரி, நான் சொன்ன காரணம்தான் தவறு என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் இவ்வூர்தியைப் பற்றிச் சில சொற்கள். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1907-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்தியே. அந்நாளில் குளிர்காலம் வந்தால் அப்பகுதியின் நாட்டுப்புறச் சாலைகள் பனியில் மூழ்கிவிடும். மோட்டார் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுக் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில்தான் போகவேண்டும். தமது பதினைந்தாம் வயதில், 1922-இல், பழைய போர்டு காரின் எஞ்சினையும் ஒரு காற்றாடியையும் சறுக்கு வண்டியில் பொருத்தி இவர் ஓட்டிப் பார்த்தார். பின்னர் ஊரிலேயே மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்தார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் அழற்சி கண்டது. பனி மூடிய சாலையில் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியில்லாமல், குழந்தை இறந்தது. அதன்பின் அவர் செய்து முடித்ததுதான் ரப்பர் போர்த்திய பல்சக்கரமும், அது பற்றி இழுக்கும் ரப்பர்ப் பட்டையும். 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரத்தக்க பெரிய பனி வண்டிகளை முதலில் கட்டினார். ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறிய ஊர்தி 1959-இல்தான் வெளிவந்தது. ஸ்கீ-டூ என்பது அதன் பெயர். நாய்கள் இழுக்கும் வண்டிக்கு மாற்றாக வந்ததால் 'ஸ்கீ-டாக்' என்று வைக்க எண்ணிய பெயர் எழுத்து மாறிப் போயிற்று என்று சொல்வார்கள். பொம்பார்தியே 1964-இல் மறைந்தார்.

ஊர்தியின் அமைப்பு இதுதான். எஞ்சினின் சுழற்சி ஒரு ரப்பர் பெல்ட் வழியாகவும், பின்னர்ச் சங்கிலிப் பெட்டி வழியாகவும் பட்டைக்குள் முன்பக்கத்தில் குறுக்கே கிடக்கும் ஓர் அச்சுக்கு வருகிறது. அந்த அச்சில் பல்சக்கரங்கள் உள்ளன. பட்டையின் உட்புறத்தில் வரிசையாக உள்ள புடைப்புகளை அப்பற்கள் பற்றித் தள்ளுகின்றன. எஞ்சின் சுழற்றுவது இந்த முன் அச்சை மட்டுமே. பட்டை நகர்கிறது, நகரும் பட்டை பின் சக்கரத்தை உருட்டுகிறது. என் படத்தில் சங்கிலி இல்லாததன் காரணம் இதுவே. சைக்கிளில் பின் சக்கரம் எசமானன். பனியூர்தியில் அது ஏவலாள்.

கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல ஊர்திகளில் பட்டையின் புடைப்புக்குப் புடைப்பு இடைவெளி 2.86 அங்குலம், அதாவது ஏறக்குறைய 73 மி.மீ. பல்சக்கரத்தில் 8 பற்கள் இருந்தால் ஒரு சுற்றுக்குப் பட்டை 58 செ.மீ. நகரும். ஊர்தி வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் போகவேண்டுமானால் அந்த அச்சு நிமிடத்திற்குச் சுமார் 4,130 முறை சுழலவேண்டும். பற்களின் எண்ணிக்கை, இடைவெளி, சுழற்சி ஆகிய மூன்றையும் பெருக்கினால் வேகம் வந்துவிடுகிறது. அப்பெருக்கலில் பின் சக்கரத்தின் ஆரத்திற்கு இடமே இல்லை. பின் சக்கரத்தைப் பெரிதாக்கினால் அது மெதுவாகச் சுழலும், அவ்வளவுதான். 178 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் அதே வேகத்தில் நிமிடத்திற்கு 4,290 முறை சுழலும், 254 மி.மீ. விட்டமுள்ளது சுமார் 3,010 முறை சுழலும். அங்குலக் கணக்கில் இவை 7, 10. இந்த இரண்டு அளவுகளையே கட்டுரை முழுவதும் வைத்துக்கொள்வோம்.

அப்படியாயின் வேகம் ஏன் கூடவேண்டும்? இந்தக் கேள்வியோடு ஒரு மாதம் திரிந்தேன். பால் பேரிங்குகள் மெதுவாகச் சுழல்வதால் உராய்வு குறையும் என்று முதலில் எண்ணினேன். அது உண்மைதான், ஆனால் நல்ல பேரிங்கில் இழப்பு மிகச் சிறிது. அந்தச் சிறு ஆதாயத்துக்காக ஒருவர் சக்கரத்தையும் தாங்கும் சட்டத்தையும் மாற்றுவாரா?

விடை கிடைத்தது என் தந்தை வேலை செய்யும் மாவு மில்லில். விடுமுறை நாளில் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். மோட்டாரின் சிறிய புல்லியிலிருந்து அரைவையின் பெரிய புல்லிக்குப் பட்டை பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏம்ப்பா, பெல்ட் எந்தப் பக்கம் முதல்ல கெட்டுப்போகும்?"

"எந்தப் பக்கமும் இல்ல, சுத்தி வர்ற பெல்ட்டுதானே எல்லாம் ஒண்ணா கெடும். ஆனா கெடுக்கிறது சின்ன புல்லிதான். இதைவிடச் சின்னதாப் போட்டா மூணு மாசத்துல வெடிச்சிரும். நிறுத்தின உடனே தொட்டுப் பாரு, சுடும்."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அது வழுக்கலால் வந்த சூடு என்று நான் வாதாடினேன். வழுக்கினால் சத்தம் வேறு மாதிரி வரும், புல்லி பளபளப்பாகிவிடும் என்றார். முப்பது ஆண்டு அந்தச் சத்தத்தோடு இருப்பவர் சொல்வதை நான் ஏற்றுக்கொண்டேன்.

இனிப் பாடப் புத்தகத்துக்கு வருவோம். முதலாண்டில் நாமெல்லாரும் சீரான வளைவு சோதனை செய்திருக்கிறோம். மீட்டர் அளவுகோலை இரு கத்தி விளிம்புகள் மேல் வைத்து, இருபுறமும் எடை தொங்கவிட்டு, நடுவில் குண்டூசி நிறுத்தி நுண்ணோக்கியால் பார்த்துப் பார்த்துக் கண் வலித்திருக்கிறோம். ஒரு சட்டத்தை வளைக்க வேண்டிய திருப்புத்திறன் அதன் வளைவு ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அங்கே கற்றது. வளைந்த சட்டத்தில் சேமிக்கப்படும் மீட்சி ஆற்றல், ஓரலகு நீளத்திற்கு, ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். எஃகு அளவுகோலை விட்டுவிட்டால் அது நிமிர்ந்து அவ்வாற்றலை ஏறக்குறைய முழுவதும் திருப்பித் தந்துவிடும். ரப்பர் அப்படித் தராது. காந்தவியலில் தயக்கக் கண்ணி வரைந்து, கண்ணிக்குள் அடைபட்ட பரப்பே இழந்த ஆற்றல் என்று படித்தோமே, ரப்பரை வளைத்து நிமிர்த்தினாலும் அதேபோன்ற கண்ணி உண்டு. கொடுத்ததில் ஒரு பங்கு வெப்பமாகிவிடும். மில்லின் பெல்ட் சுட்டது அதனால்தான்.

பனியூர்தியின் பட்டை, ரப்பருக்குள் துணியும் குறுக்குக் கம்பிகளும் வைத்துச் செய்தது. மில் பெல்ட்டைவிடப் பலமடங்கு தடிப்பானது. அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பின் சக்கரத்தை அடைந்து வளைகிறது. அதை விட்டு நீங்கும்போது நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வரி கட்டிவிட்டுப் போகிறது. சக்கரத்தைப் பாதிக்குமேல் சுற்றினாலும் கால்வாசி சுற்றினாலும் வரி ஒன்றே. எவ்வளவு தூரம் வளைந்தே சென்றது என்பது பொருட்டன்று. எவ்வளவு கூர்மையாக வளைந்தது என்பதே பொருட்டு. வினாடிக்கு எத்தனை மீட்டர்ப் பட்டை அவ்வழியே போகிறதோ அத்தனை மீட்டருக்கும் வரி கட்டவேண்டுமாகையால், வேகம் கூடக் கூட இழப்பின் திறனும் கூடுகிறது. 178 மி.மீ. சக்கரத்தை 254 ஆக்கினால் ஆரம் 1.43 மடங்காகிறது, அதன் இருமடி ஏறக்குறைய 2. ஆகவே பின் சக்கரத்தில் கட்டும் வரி பாதியாகிறது.

இதை எழுதியவுடன் விரிவுரையாளரிடம் ஓடினேன். "இருமடிக்கு எதிர்விகிதம் என்பதை நீ பார்த்தாயா, படித்தாயா?" என்றார். படித்ததுதான். ஆகவே சோதனை செய்யவேண்டியதாயிற்று.

ஊர்த் தச்சர் ஒருவரிடம் 5 செ.மீ., 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு மர உருளைகள் கடைந்து வாங்கினேன். இரண்டையும் ஒரே சைக்கிள் ஹப்பில் மாற்றி மாற்றிப் பொருத்தும்படி துளையிட்டுத் தந்தார், கூலி வாங்கவில்லை. மில்லில் கழித்துப்போட்ட பெல்ட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வார் கிழித்துக்கொண்டேன். வாரை உருளைமேல் போட்டு இரு முனைகளிலும் சம எடை தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் சிறிது சிறிதாக எடை கூட்டவேண்டும். கையால் மெல்லத் தொட்டுவிட்டால் ஒரே சீராக நகரும் அளவுக்கு எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறதோ, அதுவே வாரை வளைத்துக் கொண்டு செல்லத் தேவையான விசை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அக்கூடுதல் எடையில் ஹப்பின் உராய்வும் சேர்ந்திருக்கிறது. அதுவும் சிறிய உருளையில் அதிகமாகத்தான் இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் வழி சொன்னார்: "வாருக்குப் பதிலா நூலைப் போட்டுப் பாருங்க தம்பி. நூலுக்கு வளையறதுல என்ன கஷ்டம்?" அதே எடைகளை மெல்லிய நைலான் நூலில் தொங்கவிட்டேன். அப்போது கூட்ட வேண்டிய எடை ஹப்பின் உராய்வுக்கு மட்டும் உரியது. அது சிறிய உருளையில் பெரியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வந்தது, வரவேண்டியதும் அதுவே. வார் தந்த அளவிலிருந்து நூல் தந்த அளவைக் கழித்தால் மிஞ்சுவது வளைவின் வரி.

அந்த வரி சிறிய உருளையில் நான்கு மடங்கு இருக்கவேண்டும் என்று நம்பினேன். இருக்கவில்லை. இரண்டு மடங்குக்கு மேல். நான்கு மடங்குக்குக் கீழ். வாரின் தடிமனையும் சேர்த்துக்கொண்டால் ஆரங்கள் சரியாக இருமடங்கல்ல என்பது ஒரு சிறு திருத்தம். ஆனால் அது மட்டும் இக்குறைவை விளக்கப் போதாது. மீண்டும் மீண்டும் செய்தேன். பிறகுதான் வாரின் வெட்டுவாயை உற்றுப் பார்த்தேன். ரப்பருக்கு நடுவே துணி அடுக்குகள். வளையும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்கின்றன. தேய்வுராய்வு எவ்வளவு வளைத்தாலும் ஒரே அளவு எதிர்ப்புத்தான் தரும். ஆகவே அதன் இழப்பு ஆரத்தின் இருமடிக்கல்ல, ஆரத்துக்கே எதிர்விகிதம். அதாவது இருமடங்கு. ரப்பரின் தயக்கம் நான்கு மடங்கு கேட்கிறது; துணியின் உராய்வு இருமடங்கு கேட்கிறது; வார் இரண்டும் கலந்த பொருள். பனியூர்திப் பட்டையிலும் துணி உண்டு. எனவே மேலே நான் 'பாதியாகிறது' என்று எழுதியது உயர்ந்த அளவு. உண்மையான குறைவு மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் இருக்கும் என்று கொள்வதே நேர்மை.

குளிரும் இதில் புகுந்து விளையாடுகிறது. வெப்பநிலை தாழத் தாழ ரப்பர் விறைக்கிறது. அதன் தயக்க இழப்பும் கூடுகிறது. காலையில் ஊர்தியின் பின்புறத்தைத் தாங்கியில் தூக்கி நிறுத்தி, பட்டையைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டபின் கிளம்பும் வழக்கம் உண்டு. ஒட்டியிருக்கும் பனிக்கட்டி உதிர்வதோடு ரப்பரும் தன் சூட்டாலேயே இளகிக்கொள்கிறது.

இன்னொரு தவறான காரணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதில் நான் மட்டுமல்ல, என் வகுப்பு நண்பர்கள் பலரும் விழுந்தார்கள். வேகமாக ஓடும் பட்டை பின் சக்கரத்தில் திரும்பும்போது மையவிலக்கு விளைவால் வெளியே இழுக்கப்படுகிறது. ஆரம் பெரிதானால் அது குறையும். ஆகவே பட்டையின் இழுவிசை குறையும் என்பது அந்த வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் ஆரம் அடிபட்டுப் போகிறது. ஆரம் பெரிதானால் ஒவ்வொரு சிறு துண்டின் மீதும் விளைவு குறைவு. ஆனால் வளைந்த பகுதியில் இருக்கும் துண்டுகள் அதே விகிதத்தில் அதிகம். பட்டையில் எழும் இழுவிசை மீட்டருக்கான நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கியதற்குச் சமம், அவ்வளவே. கணக்குக்காக மீட்டருக்கு 5 கிலோ என்று கொண்டால், வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் 8,000 நியூட்டன். எண்ணூறு கிலோ எடைக்கு மேல். எந்தச் சக்கரம் போட்டாலும் இது மாறாது.

மாறுவது வேறொன்று. பட்டையின் வெளிப்புறத்தில் பனியைப் பற்றுவதற்காக நிற்கும் ரப்பர்ப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிநோக்கி இழுபடுகின்றன. சிறிய சக்கரத்தில் அம்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1,800 மடங்கு. பெரிய சக்கரத்தில் சுமார் 1,300 மடங்கு. பல்லின் அடிவாரம் கிழியாதிருப்பதற்குப் பெரிய சக்கரம் உதவும். ஆழ்ந்த பனிக்கென உயரமான பற்கள் வைத்த பட்டைக்கு இது முக்கியம்.

இனி அதிர்வுதாங்கும் அமைப்பு. வேகத்தில் பெற்றதற்கு இங்கே விலை கொடுக்கவேண்டும். தொடக்க கால ஊர்திகளில் வில்கம்பிகள் பூட்டிய சிறு சக்கரக் கூட்டங்கள் பட்டையைத் தாங்கின. 1970-களில் அவற்றின் இடத்தைச் சறுக்குச் சட்டங்கள் பிடித்துக்கொண்டன. பட்டைக்குள் நீளவாட்டில் இரண்டு சட்டங்கள். அவற்றின் அடியில் வழவழப்பான பாலிஎதிலீன் உறை. பட்டை அந்த உறையின் கீழ் வழுக்கிக்கொண்டு ஓடும். இடையில் புகும் பனித்தூளே அதற்கு எண்ணெய், அதுவே குளிர்விக்கும் நீர். பனித்தூள் இல்லாத வெறும் பனிக்கட்டியில் நெடுநேரம் ஓட்டினால் உறை சூடேறி உருகிவிடும். சட்டங்கள் இரண்டு கைகளாலும் ஸ்பிரிங்குகளாலும் ஷாக் அப்சார்பர்களாலும் ஊர்தியின் உடலோடு இணைந்திருக்கின்றன. மேடு வந்தால் சட்டங்கள் மொத்தமாக உடலை நோக்கி மேலே எழும். உடலின் அடிப்பகுதி கவிழ்த்த தகரப் பெட்டியைப் போன்ற ஓர் அலுமினியக் கூடு. அதற்குள்ளேதான் பட்டையின் மேல்புறம் ஓடுகிறது. நம் பின் சக்கரங்கள் இச்சட்டங்களின் கடைக்கோடியில் உள்ளன.

அச்சை இருந்த இடத்திலேயே வைத்துப் பெரிய சக்கரத்தைப் பூட்டினால் என்ன ஆகும்? நாம் எடுத்துக்கொண்ட அளவுகளில் ஆரம் 38 மி.மீ. கூடுகிறது. சக்கரத்தின் அடி, சட்டங்களின் மட்டத்துக்குக் கீழே 38 மி.மீ. துருத்தும். கெட்டிப் பனியில் ஊர்தியின் வால் தூக்கிக்கொள்ளும், சட்டங்களின் பின்பகுதி பனியை அழுத்தாது, பாரம் முன் சறுக்குக் கட்டைகள் மேல் ஏறும், திருப்புவது கனமாகும். இது சிறு குற்றம் அன்று. இவ்வூர்தியின் உயிரே பாரத்தைப் பரப்பி வைப்பதில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 38 செ.மீ. அகலமுள்ள பட்டை 120 செ.மீ. நீளத்துக்குப் பனியில் படிந்தால், சறுக்குக் கட்டைகளின் உதவியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், சதுர மீட்டருக்கு 6,600 நியூட்டன் அளவே அழுத்தம். நடந்து செல்லும் மனிதனின் பாதம் இதைவிடப் பலமாக அழுத்தும். மனிதன் இடுப்பளவு புதையும் இடத்தில் ஊர்தி மிதந்து போவது அதனால்தான். சட்டங்களின் ஒரு பகுதியைப் பனியிலிருந்து தூக்கிவிட்டால் இந்தச் சிறப்புக் குறைகிறது.

ஆகவே அச்சை 38 மி.மீ. மேலே ஏற்றவேண்டும். இதற்கெனத் தனித் தாங்குதுண்டுகள் பொருத்துவார்கள். ஏற்றிவிட்டால் அடிமட்டம் சரியாகிவிடும். ஆனால் சக்கரத்தின் உச்சி 76 மி.மீ. மேலே போய்விடும். மேட்டில் மோதிச் சட்டங்கள் முழுவதும் எழும்போது பட்டை அலுமினியக் கூட்டின் உட்கூரையில் இடிக்கும். இடிக்காதிருக்க வேண்டுமானால் அமைப்பின் எழுச்சித் தூரத்தைக் குறைக்கவேண்டும். அல்லது நீண்ட பட்டை போட்டுச் சக்கரத்தைக் கூட்டுக்கு வெளியே, பின்னால் தள்ளவேண்டும். பட்டையை மாற்றாவிட்டால் இன்னொரு தொல்லை. பெரிய சக்கரம் பட்டையில் அதிக நீளத்தைச் சுற்றிக்கொள்வதால், அச்சை ஏறக்குறைய 60 மி.மீ. முன்னால் நகர்த்தினால்தான் பட்டை எட்டும். அந்த அளவுக்குப் பனியில் படியும் நீளமும் குறையும்.

சக்கரத்தின் எடையும் கூடுகிறது. சட்டங்களின் கடைக்கோடியில், கைகளின் கீல்களிலிருந்து எட்டத்தில் கூடுகிற எடை அது; நிலைமத் திருப்புத்திறனில் தூரம் இருமடியாக வரும் என்பது நமக்குத் தெரியும். வால் கனத்த அமைப்பு மேடுபள்ளத்தைப் பின்தொடர்வதில் சோம்பும். ஒரு மேட்டில் எழுந்தது இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். சமதளமான உறைந்த ஏரியில் நேர்க்கோட்டில் ஓடும் பந்தயக்காரருக்கு இந்தக் குறைகள் எதுவும் உறைக்காது. காட்டுப் பாதையில் போகிறவருக்கு உறைக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கும் பெரிய சக்கரம் கைகொடுக்கும்: ஊர்தியைப் பின்னோக்கி எடுக்கையில் பெரிய சக்கரம் பனிமேல் எளிதில் ஏறும், சிறியது குழி பறித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு வேகம் எவ்வளவு கூடும்? உச்ச வேகத்தில் எஞ்சினின் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. அதுவும் குளிர்நாட்டுக் காற்று. சுழிக்குக் கீழ் 20 பாகையில் காற்றின் அடர்த்தி நம்மூர் 30 பாகைக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். காற்றுத் தடைக்கு எதிராகச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடியாக வளரும். ஆகவே வேகத்தை நூற்றுக்கு 1 பங்கு கூட்ட, திறனை நூற்றுக்கு 3 பங்கு கூட்டவேண்டும். 100 குதிரைத்திறனில் பின் சக்கரம் 3 குதிரைத்திறனை மிச்சப்படுத்துவதாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 144 கி.மீ. என்பது 145 அரை ஆகும். இதற்காகவா இவ்வளவு பாடு என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்த வேகத்தில் பத்து வினாடி ஓடினால் வேறுபாடு 4 மீட்டர். ஊர்தியின் நீளமே ஏறக்குறைய 3 மீட்டர்தான். பந்தயத்தில் அது முழு ஊர்தி நீளத்துக்கும் மேற்பட்ட வெற்றி.

இவ்வளவும் பின் சக்கரத்தை மட்டும் பற்றியது. பட்டை முன் பல்சக்கரத்திலும் வளைகிறது என்பதை மறக்கக்கூடாது. 8 பல் சக்கரத்தின் விட்டமும் சுமார் 185 மி.மீ.தான், அங்கே கட்டும் வரி அப்படியே இருக்கிறது. பின் சக்கரத்தின் வரி பாதியானாலும் மொத்த வளைவு வரியில் கால்பங்குக்குச் சற்று மேல்தான் குறையும். முன் பல்சக்கரத்தையும் பெரிதாக்கலாம். ஆனால் அங்கேதான் அன்று நான் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு உண்மையாகவே வேலை செய்கிறது: பற்கள் கூடினால் ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் கூடும், எஞ்சினுக்குச் சுமை ஏறும். அதைச் சங்கிலிப் பெட்டியின் பல்விகிதத்தை மாற்றிச் சரிக்கட்டவேண்டும். சமன்பாடு சரி, நான் அதை எழுதிய சக்கரம்தான் தவறு.

உருளைகள் இரண்டும் இப்போது எங்கள் துறை அலமாரியில் இருக்கின்றன. தயக்கத்தின் பங்கு எவ்வளவு, துணி உராய்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிட இரண்டு உருளை போதும். அக்கணக்குச் சரியா என்று சரிபார்க்க மூன்றாவது ஒன்று வேண்டும். 7.5 செ.மீ. உருளைக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். இம்முறையாவது கூலி வாங்கிக்கொள்ளச் சொல்லித் தந்தை பணம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.